இடம் மாறிய ஒளி

ஒளி என்றால் நன்மை, இருள் என்றால் தீமை என்றே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். நேர்வழியை ஒளி என்கிறோம். வழிகேட்டை இருள் என்கிறோம். கல்வியை விளக்கு என்றும் அறியாமையை இருட்டு என்றும் பேசுகிறோம். இவ்வழக்குக்குத் திருமறையிலேயே வேர் உண்டு என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால், உவமையாகச் சொல்லப்பட்டதை அப்படியே பொருளாகக் கொண்டு, எங்கெல்லாம் விளக்கு எரிகிறதோ அங்கெல்லாம் நன்மை இருக்கிறது, எவ்வளவு மிகுதியாக எரிகிறதோ அவ்வளவு நன்மை மிகும் என்று ஒருவர் முடிவு கட்டினால் அது சரியாகுமா? வெளிச்சம் வழி காட்டும் என்பதை அறிவோம். வெளிச்சமே வழி கெடுப்பதும் உண்டா?

இவ்வினாவை வெறும் சொல்லளவில் ஆராய்வதைவிட, ஓர் இடத்தில் நிறுத்தி ஆராய்வது பயன் தரும். அதற்கு ஏற்ற இடம் மாலத்தீவின் உல்லாச விடுதிக் கடற்கரை. ஏற்ற நேரம் இரவு.

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள் உள்ளன. அவற்றுள் மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. 1972ஆம் ஆண்டுவரை எஞ்சிய தீவுகளில் தென்னை மரங்களும் பறவைகளும் எப்போதாவது வந்துபோகும் மீனவர்களும் அன்றி வேறெவரும் இல்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் இத்தாலியப் பயணிகளின் சிறு குழுவொன்று மாலே நகருக்கு வந்தது. அதே ஆண்டிலேயே குரும்பா என்னும் முதல் விடுதி திறக்கப்பட்டது. பவளக் கல்லும் தென்னங்கீற்றும் கொண்டு எழுப்பிய எளிய குடில்கள்தாம் அன்றைய விடுதி. பின்னர், ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்னும் முறையில் ஆளற்ற தீவுகள் ஒவ்வொன்றாக விடுதிகளாயின. 2024ஆம் ஆண்டில் அந்நாட்டுக்கு வந்த பயணிகளின் தொகை இருபது இலட்சத்தைத் தாண்டியது. அந்நாட்டின் உணவும் உடையும் மருத்துவமும் பெரும்பாலும் அந்த வருவாயைச் சார்ந்தே நிற்கின்றன. ஆகவே, இத்தொழிலைப் பொதுவாகப் பழித்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஹலாலான உழைப்பால் அங்கே பிழைப்போர் ஏராளம். நம் ஊர்ப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு.

நாம் எடுத்துக்கொண்டது அந்தக் கரையின் இரவை மட்டுமே. பகலில் வெண்மணலும் நீலநீரும் விருந்தினரை மகிழ்விக்கின்றன. கதிரவன் மறைந்தால் கடற்கரை கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத கரைக்கு விலை ஏது? எனவே, நடைபாதை நெடுக விளக்குகள், தென்னைமரத்தின் அடியில் விளக்கு, உச்சியை நோக்கி விளக்கு, கடல்மேல் கால் ஊன்றிய குடில்களின் படிகளில் விளக்கு, மீன்கள் வந்து திரியும் காட்சிக்காக நீருக்குள்ளும் விளக்கு. இவற்றில் பெரும்பங்கு, கப்பலில் கொண்டுவரும் டீசலை எரித்துப் பெறும் மின்சாரத்தால் எரிவது. கடல்மட்டத்திற்கு மேல் மிகச் சிறிதளவே உயர்ந்த நாடு அது. எண்ணெய் எரிந்து உலகம் சூடேறுவதால் உயரும் கடலே அந்நாட்டின் பேரச்சம். அந்தக் கரையில் தேவைக்கு மேல் எரியும் ஒவ்வொரு விளக்கும் தான் நிற்கும் மணலுக்குத் தானே ஊறு செய்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்வோம்.

விருந்தினர் உறங்கிய பின்னும் அந்தக் கரைக்கு வரும் வேறொரு கூட்டம் உண்டு. பேராமையும் அழுங்காமையும் மாலத்தீவின் மணலில் முட்டையிடும் கடலாமைகள். தாய் ஆமை இருளில் கரையேறி, பின்னங்கால்களால் குழி தோண்டி, நூறு அளவிலான முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறத்தாழ இரண்டு மாதம் மணலின் வெப்பமே அவற்றை அடைகாக்கும். குஞ்சுகள் பொரித்து, மணலின் மேற்பரப்பு குளிரும் இரவு நேரத்தில் கூட்டமாக வெளிப்படும். வழி காட்டத் தாய் இல்லை. கடலை முன்பு கண்ட கண்ணும் இல்லை. ஆனாலும் அவை தடுமாறுவதில்லை. கரைப்பக்கம் மரங்களாலும் மேட்டாலும் இருண்டிருக்கும். கடற்பக்கம் விண்மீனும் நிலவும் நீரில் பட்டுத் தாழ்ந்து வெளுத்திருக்கும். இருண்ட பக்கத்தை விட்டு வெளுத்த பக்கம் போவது அவற்றின் பிறவி அறிவு. தேனீக்கு வஹீ அறிவித்ததாகக் கூறும் இறைவன் இந்தச் சின்னஞ்சிறு உயிருக்கும் இத்தனை எளிய, இத்தனை உறுதியான ஒரு வழிகாட்டலை அருளியிருக்கிறான்.

அந்தக் கரையில் ஒரு விளக்கு எரிந்தால் என்ன ஆகும்? வெளுத்த பக்கம் மாறிவிடும். குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டி விளக்கை நோக்கி நடக்கும். நடைபாதையில் ஏறும், செடிகளில் சிக்கும், கடலுக்காகச் சேமித்து வைத்த ஆற்றலை மணலிலேயே செலவிட்டு, ஈரம் வற்றி, விடிந்ததும் நண்டுக்கும் பறவைக்கும் இரையாகும். வெளிச்சம் மிகுந்த கரையைக் கண்டால் தாய் ஆமையும் ஏறாமல் திரும்பிவிடுவதுண்டு. மாலத்தீவு அரசு 1995இல் கடலாமைகளைப் பிடிப்பதைத் தடை செய்தது. 2016இல் ஆமைக்கும் அதன் முட்டைக்கும் முழுப் பாதுகாப்பு அளித்தது. பேராமை முட்டையிடும் பருவத்தை எய்த இருபது, முப்பது ஆண்டுகள் செல்லும். 1995இல் பொரித்த குஞ்சு உயிரோடிருந்தால், இன்று தாயாகித் தான் பிறந்த கரைப்பக்கம் திரும்பும் வயதில் இருக்கும். மனிதனின் கை அதைத் தீண்டாதவாறு சட்டம் காத்தது. அவனுடைய விளக்கோ எதிரே நிற்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். “அதற்கு விளக்கு என்ன செய்யும்? ஒளி ஒளிதானே! தவறு ஆமையின் பார்வையில் இருக்கிறது.” இம்மறுப்பைத் தள்ளிவிடாமல் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏனெனில், நம் தலைப்பின் மையமே இதுதான்.

அரபு மொழியில் அநீதியைக் குறிக்கும் சொல் ‘ளுல்ம்’. இருளைக் குறிக்கும் சொல் ‘ளுல்மத்’. இரண்டுக்கும் வேர் எழுத்துகள் ஒன்றே. ளுல்ம் என்பதற்கு மொழியறிஞர்கள் தந்த இலக்கணம் மிகச் சுருக்கமானது: ஒரு பொருளை அதற்கு உரியதல்லாத இடத்தில் வைப்பதே ளுல்ம். இந்த இலக்கணத்தில் அந்தப் பொருள் நல்லதா கெட்டதா என்னும் கேள்வியே இல்லை. நல்ல பொருளும் இடம் மாறினால் ளுல்ம் ஆகும். பயிருக்கு உயிரான தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தால் அழிவு. நோய் தீர்க்கும் மருந்து நோயற்றவன் வயிற்றில் போனால் நஞ்சு. அநீதி மறுமை நாளில் இருள்களாக வந்து நிற்கும் என்று அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் அறிவோம். இரண்டு சொற்களுக்கும் உள்ள உறவு அங்கே வெளிப்படையாகிறது. அப்படியானால், இடம் மாறி வைக்கப்பட்ட விளக்கு எத்தனை பளீரென்று எரிந்தாலும், அது செய்யும் செயலால் இருளின் இனத்தைச் சேர்ந்தது. ஆமைக்குஞ்சின் பார்வையில் தவறில்லை. கடல் இருக்கும் இடத்தைக் காட்டும் அடையாளத்தை நாம் பெயர்த்தெடுத்துக் கடல் இல்லாத இடத்தில் நட்டுவிட்டோம். பாதையோரத்துக் கைகாட்டி மரத்தைத் திருப்பி வைத்தவனை விட்டுவிட்டு, அதை நம்பிப் போன வழிப்போக்கனைக் குற்றம் சொல்லலாமா?

இரவுக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்ப்போம். திருமறை இருளை ஒருபோதும் வெறும் இல்லாமையாகப் பேசுவதில்லை. ஒளியைப் படைத்தவனே இருள்களையும் ஆக்கினான். இரவின்மீது சத்தியம் செய்கிறான். ஓர் அத்தியாயத்திற்கே இரவின் பெயர் இடப்பட்டிருக்கிறது. இரவு ஆடைக்கு உவமிக்கப்படுகிறது. அல்கஸஸ் அத்தியாயத்தில் இரண்டு நிலைகளை எண்ணிப் பார்க்கும்படி மனிதன் அழைக்கப்படுகிறான். ஒன்று, கியாமத் நாள்வரை இரவே நீடித்தால் என்னும் நிலை. மற்றொன்று, பகலே நீடித்தால் என்னும் நிலை. முதலாவது துன்பம் என்பது யாருக்கும் புரியும். இரண்டாவதும் அதற்கு ஈடான துன்பமாக அங்கே அருகருகே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நாம் ஊன்றிக் கவனிப்பதில்லை. ஓய்வு தரும் இரவை யார் கொண்டுவருவார் என்று கேட்கப்படும் அந்தக் கேள்வி, மின்விளக்கு அறியாத காலத்தில் இறங்கியது. இன்று அதை ஓதும்போது, பகலே நீடிக்கும் நிலையைச் சில கடற்கரைகளில் நாமே விலை கொடுத்து ஏற்படுத்திக்கொண்டிருப்பது நினைவுக்கு வர வேண்டாமா?

அல்அன்ஆம் அத்தியாயத்தில் மற்றொரு நுட்பம் இருக்கிறது. தரையின் இருளிலும் கடலின் இருளிலும் மனிதன் வழியறிவதற்காக விண்மீன்கள் ஆக்கப்பட்டிருப்பதாக அங்கே கூறப்படுகிறது. வழிகாட்டும் அந்த ஒளிகள் மிகச் சிறியவை. அவை தெரிய வேண்டுமானால் இருள் இருக்க வேண்டும். வெள்ளைத் தாள் இல்லாமல் எழுத்தைப் படிக்க முடியாதது போல, கறுத்த வானம் இல்லாமல் விண்மீனைப் படிக்க முடியாது. இருபத்தேழு விண்மீன் பிரிவுகளைக் கொண்டு ஆண்டைப் பகுத்து, எந்தப் பிரிவில் காற்று எப்படி அடிக்கும், எந்த மீன் எங்கே கிடைக்கும் என்று கணித்துக் கடலோடியவர்கள் மாலத்தீவு மக்கள். நம் கடற்கரை இல்லங்களுக்குப் பழக்கமான மாசியை உலகுக்கு அளித்தவர்கள் அவர்களே. அந்த அறிவு முழுவதும் இருண்ட கரையில் நின்று அண்ணாந்து பார்த்துப் பெற்றது.

அதே கரையின் இரவைப் பற்றிய பழைய செய்தி ஒன்றையும் இங்கே எண்ணிப் பார்ப்பது பொருத்தம். மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா 1343ஆம் ஆண்டில் மாலத்தீவுக்கு வந்து, அங்கே காஜியாகவும் பணியாற்றினார். பின்னர் இலங்கை வழியாக நம் மதுரைச் சீமைக்கும் வந்தவர் அவர். 1153இல் அத்தீவுகள் இஸ்லாத்தைத் தழுவிய வரலாற்றை அங்குள்ளோர் சொல்லக் கேட்டு அவர் எழுதி வைத்திருக்கிறார். மாதந்தோறும் ஓரிரவில் கடலிலிருந்து ஒரு தீய ஜின் வரும். பார்வைக்கு அது விளக்குகள் நிறைந்த கப்பலைப் போலிருக்கும். அதற்குக் காணிக்கையாகச் சீட்டுக் குலுக்கி ஒரு கன்னிப் பெண்ணை அலங்கரித்துக் கடலோரக் கோயிலில் விட்டுவருவார்கள். விடிந்ததும் பிணமாகக் காண்பார்கள். ஒருமுறை சீட்டு ஏழைக் கிழவி ஒருத்தியின் ஒரே மகளுக்கு விழுந்தது. அவள் வீட்டில் விருந்தினராகத் தங்கியிருந்தவர் அபுல் பரகாத் அல்பர்பரீ என்னும் ஹாஃபிஸ். “அவளுக்குப் பதிலாக நான் போகிறேன்” என்று சென்று, இரவெல்லாம் குர்ஆனை ஓதிக்கொண்டிருந்தார். சாளரத்தருகே வந்த ஜின் அந்த ஓசையைக் கேட்டுக் கடலுக்குள் மறைந்தது. தீவுகளை இஸ்லாத்திற்கு அழைத்தவர் யூசுஃப் ஷம்சுத்தீன் தப்ரேஸி என்று மாலத்தீவின் வரலாற்று ஏடு கூறுவதால், பெயர் குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நமக்கு வேண்டியது கதையின் படிப்பினை.

விருந்தினராக வரும் பயணிகளை ஜின்னோடு ஒப்பிடுவது நம் கருத்தன்று. அது பண்பும் ஆகாது. ஆனால் அக்கதையில் உள்ள மூன்று செய்திகள் எக்காலத்திற்கும் பொருந்தும். தீமை அங்கே இருளாக வரவில்லை; விளக்குகள் நிறைந்த அழகிய கப்பலாக வந்தது. அது வாங்கிய விலை, மறுத்துப் பேச வலுவற்றவர் வீட்டில் விழுந்தது. தன் வீட்டுக்குச் சீட்டு விழாத மற்றவர்கள் அடுத்த மாதம்வரை நிம்மதியாகத் தூங்கினார்கள். மூன்றாவது செய்திதான் முதன்மையானது. அந்த வழக்கத்தை நிறுத்தியவர் ஊராரில் ஒருவர் அல்லர், விருந்தினர். தங்கிய வீட்டுக்கு விருந்தினன் பட்ட கடன் உணவுக்கும் படுக்கைக்கும் கொடுக்கும் பணத்தோடு தீர்ந்துவிடுவதில்லை என்பதை அந்த ஹாஃபிஸ் செயலால் காட்டினார். விடுதியில் தங்குகிறவர் தங்கியிருப்பது விடுதியில் மட்டுமன்று; அந்தக் கரையிலும்தான். அக்கரையின் பழைய குடியிருப்பாளர்களுக்கு அவர் விருந்தினர்.

“அறியாமல் செய்ததற்குப் பாவம் உண்டா?” என்று கேட்கலாம். இதற்கு அந்நம்ல் அத்தியாயத்து எறும்பு விடை சொல்கிறது. நபி சுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்ட எறும்பு, தன் கூட்டத்தாரைப் புற்றுக்குள் போகச் சொல்கிறது. மிதித்துவிடுவார்கள் என்று அஞ்சிய அச்சிறு உயிர், அவர்கள் உணராமல் செய்துவிடக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அழிவை அஞ்சும் நேரத்திலும் அழிப்பவருக்காக ஒரு நியாயம்! விரிவுரையாளர்கள் வியந்து போற்றிய இடம் இது. ஆனால் நியாயம் அங்கேயே முடிந்துவிடவில்லை. சுலைமான் நபி அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டார்கள். கேட்டதும் புன்னகைத்து, இறைவனுக்கு நன்றி செலுத்தவும் அவன் பொருந்திக்கொள்ளும் நற்செயலைச் செய்யவும் அருளுமாறு துஆச் செய்தார்கள். கேட்பதற்கு முன்பு ‘உணராதவர்’ என்னும் மன்னிப்பு இருந்தது. கேட்ட பின்பு அந்த மன்னிப்பு இல்லை. அதன் இடத்தில் கடமை வந்துவிட்டது. மனிதனுக்கு அறிவு வளர்வதன் பொருள் இதுதான். ஆமையின் மொழி நமக்குத் தெரியாது. ஆனால் அதன் நடையை ஆய்ந்தவர்கள் அது சொல்வதை நமக்கு மொழிபெயர்த்துத் தந்துவிட்டார்கள். இனி, தெரியாது என்று சொல்ல இடமில்லை.

கடமை என்றவுடன் கரை முழுவதும் இருட்டாக்கிவிட வேண்டும் என்று பொருளன்று. படியில் இடறி விழாமலிருக்க விளக்கு வேண்டும். நோயாளிக்கும் முதியோருக்கும் வேண்டும். ஃபிக்ஹு நூல்களில் ‘ஹரீம்’ என்றொரு கோட்பாடு உண்டு. ஒருவர் கிணறு தோண்டினால், அந்தக் கிணற்றின் பயன் கெடாதவாறு அதைச் சுற்றிய நிலத்தில் பிறர் தலையிடக் கூடாத எல்லை ஒன்று அமைகிறது. வேட்டைப் பிராணியும் அஞ்சாமல் திரியும் புனித எல்லையாகிய ‘ஹரம்’ என்னும் சொல்லும் இதே வேரில் பிறந்ததே. கிணற்றுக்கு ஹரீம் இருப்பது போல இரவுக்கும் ஒரு ஹரீம் வேண்டாமா? கடலுக்கும் மணலுக்கும் இடையே சில அடி தூரம், சில மாதங்கள், சில மணி நேரம் இருளுக்கே உரியதென்று விட்டுவைப்பது அத்தனை பெரிய இழப்பா?

செய்ய வேண்டியவை எளியவை. விளக்கைத் தாழ வைத்தல்; ஒளி கடற்பக்கம் சிதறாமல் மூடியிட்டு மறைத்தல்; வெண்ணிற விளக்குக்குப் பதிலாக ஆமையின் கண்ணை அவ்வளவாக ஈர்க்காத செம்மஞ்சள் நிற விளக்கை இடுதல்; தேவையற்ற நேரத்தில் அணைத்தல்; அறையின் திரையை இழுத்துவிடுதல். முதல் மூன்றும் விடுதியாரின் கையில். கடைசி இரண்டும் விருந்தினரின் கையில். இதனால் விருந்தினர் இழப்பது குறைவு, பெறுவது மிகுதி. மாலத்தீவுக் கடலில் சில இரவுகளில் நுண்ணுயிர்கள் அலையின் அசைவில் நீலமாய் ஒளிர்கின்றன. விண்மீன்கள் கரையில் கொட்டிக் கிடப்பது போலிருக்கும் அக்காட்சிக்காகவே தொலைவிலிருந்து வருகிறார்கள். அதையும் இருட்டில்தான் காண முடியும். அருகில் ஒரு பெருவிளக்கு எரிந்தால் அந்த விருந்து கண்ணெதிரே இருந்தும் இல்லாமற் போகும்.

“காசு கொடுத்து வாங்கிய மின்சாரம், நான் எரிக்கிறேன்” என்பது பலருடைய வாதம். ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளூச் செய்தாலும் நீரை விரயம் செய்யாதே என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆற்று நீருக்கு விலை இல்லை. ஆற்றில் குறைவும் இல்லை. ஆயினும் விரயம் விரயமே. விலை கொடுத்துவிட்டதால் அளவு மீறும் உரிமை வந்துவிடுவதில்லை. உறங்கப் போகும்போது விளக்கை அணைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். எலி திரியை இழுத்து வீட்டை எரித்துவிடக்கூடும் என்னும் காரணத்தையும் சொன்னார்கள். காரணத்தோடு வந்த கட்டளையின் சிறப்பு, அந்தக் காரணம் தோன்றும் இடமெல்லாம் கட்டளையும் உயிர்பெறும் என்பதே. நாம் உறங்கும்போது நம் விளக்கு பிறருக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதே அங்குள்ள காரணம். அந்தப் பிறர் வீட்டாராக இருந்தாலென்ன, மணலுக்கடியில் கிடக்கும் குஞ்சாக இருந்தாலென்ன?

இது மாலத்தீவோடு நிற்கும் செய்தியுமன்று. தை, மாசி மாதங்களில் நம் சோழமண்டலக் கரையிலும் கடலாமைகள் முட்டையிடுகின்றன. சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்து, பாதுகாப்பான இடத்தில் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறார்கள். கரையோரத் தெருவிளக்கு குஞ்சுகளைச் சாலைக்கு இழுப்பதும் அவர்கள் அவ்வாறு செய்வதற்கு ஒரு காரணம். நம் சமுதாயத்தவர் பலர் தலைமுறை தலைமுறையாகக் கடற்கரை ஊர்களில் வாழ்கிறவர்கள். நம் மாடியில், நம் திருமண மண்டபத்தில், நம் பள்ளியின் மினாராவில் எரியும் விளக்கு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று கேட்டுப் பார்க்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

ஒளி நன்மைதான், அதில் ஐயமில்லை. ஆனால் உரிய இடத்தில், உரிய நேரத்தில், உரிய அளவில் இருக்கும் ஒளிக்கே அந்தப் பெயர் பொருந்தும். தன்னை மட்டும் காட்டிக்கொண்டு, தனக்கு அப்பாலுள்ள கடலையும் வானையும் மறைக்கும் வெளிச்சம் எதுவானாலும் அது வழிகாட்டி ஆகாது. செல்வத்துக்கும் புகழுக்கும் கற்ற கல்விக்கும்கூட இந்த அளவுகோல் பொருந்தும் என்பதைச் சிந்திப்போர் உணர்வர். ஏற்ற வேண்டிய இடத்தில் விளக்கை ஏற்றும் ஆற்றலையும், அணைக்க வேண்டிய இடத்தில் அணைக்கும் மனத்தையும் வல்ல இறைவன் நம் எல்லோர்க்கும் அருள்வானாக! ஆமீன்.